கூட்டு வெற்றி கோழையின் வெற்றியா?



தீபாவளிக்கு மறுநாள், உறவினர் கூடும் வீடுகளில் காணக்கூடிய காட்சி இது. பெரியவர்கள் முறுக்குத் தட்டைச் சுற்றிக் கூடத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பிள்ளைகள் உள்ளறையில் ரிஸ்க் போன்ற ஏதாவதொரு பலகை விளையாட்டை விரித்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்கும். "அண்ணன் என் நாட்டைத் தொடமாட்டேன்னு சொன்னாரு. இப்ப அடிச்சிட்டாரு!" கதவு படாரென்று சாத்தப்படும். பெரியம்மா எழுந்து போய் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வார்: "விளையாட்டுதானே, விடு."

அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே இன்றைய அரங்கின் பொருள். விளையாட்டில் கொடுத்த வாக்கு வாக்காகுமா? அதை மீறினால் துரோகமா, திறமையா? இவ்விரண்டு கேள்விகளையும் பலர் கேட்பதுண்டு. மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. கடைசிவரை வாக்குத் தவறாத இருவர் சேர்ந்தே வெற்றியை எட்டினால், அது வெற்றிதானா? "ரெண்டு பேர் எப்படி முதலாவதா வர முடியும்? ஒருத்தனுக்குப் பயந்து ஒருத்தன் விட்டுக் கொடுத்திருக்கான்" என்று கேலி செய்பவர்கள் உண்டு. இந்தக் கேலியைத்தான் இன்று சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

நம்மவர்களுக்குப் பழக்கமான விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக எழுவதில்லை. பல்லாங்குழியும், மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இருவர் ஆட்டங்கள். எதிரே இருப்பவர் எதிரி, அதில் ஐயமில்லை. கேரம் பலகையில் நால்வர் அமர்ந்தால் எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். பாதி ஆட்டத்தில் பக்கத்திலிருப்பவரோடு இரகசியமாகச் சேர்ந்துகொண்டு கூட்டாளியைக் கவிழ்க்க வழியில்லை. கூட்டணி அங்கே நாற்காலியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

மூவருக்கு மேல் ஒரே பலகையில் தனித்தனிக் கட்சியாக அமரும்போது நிலைமை மாறிவிடுகிறது. அல்பிருனி என்ற அறிஞர் 1030-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், நால்வர் சேர்ந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை விவரித்திருக்கிறார். பலகையின் நான்கு பக்கமும் நான்கு படைகள். இருவர் மோதிக்கொண்டால் மற்ற இருவருக்குக் கொண்டாட்டம். அந்த ஆட்டம் ஆடியவர்கள் கண்ணாலாவது பேசிக்கொள்ளாமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

மேலே சொன்ன ரிஸ்க், 1957-இல் பிரான்சில் வெளிவந்தது. அதை உருவாக்கிய அல்பர்ட் லமோரிஸ், ஒரு சிறுவனையும் ஒரு சிவப்பு பலூனையும் வைத்து உலகமே மெச்சிய குறும்படத்தை எடுத்த அதே இயக்குநர். குழந்தை மனத்தை அவ்வளவு மென்மையாகக் காட்டியவர், உலகத்தைப் பிடிக்கும் ஆட்டத்தையும் செய்திருக்கிறார் என்பது வியப்புதான். ஆனால் ரிஸ்க்கின் உயிர் பகடையில் இருக்கிறது. கூட்டணி அதில் வாய்ப்பேச்சாக ஓரமாக நடக்கும். கூட்டணியையே ஆட்டத்தின் உயிராக வைத்தது வேறொன்று. அதன் பெயர் டிப்ளோமசி.

தபால்காரர் செய்த ஆட்டம்

ஆலன் கால்ஹேமர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1931-இல் பிறந்தவர். சிறுவயதில் வீட்டுப் பரணில் கிடைத்த பழைய நிலப்பட நூலில், மறைந்துபோன அரசுகளின் எல்லைகளைப் பார்த்து மயங்கியவர். நெப்போலியனுக்குப் பின் ஐரோப்பிய வல்லரசுகள் கூடிப் பேசிய வியன்னா மாநாட்டைப் பற்றி 1945-இல் லைஃப் இதழில் வந்த கட்டுரை அவர் மனத்தில் பதிந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, முதல் உலகப் போரின் தோற்றுவாயை ஆராய்ந்த வரலாற்றுப் பேராசிரியர் சிட்னி ஃபே அவருக்குப் பாடம் நடத்தினார். ஹார்ட்ஸ் என்னும் சீட்டாட்டத்தையும் அவர் கவனித்தார். முன்னணியில் இருப்பவரை மற்றவர்கள் சேர்ந்து மடக்கினால்தான் அதில் நியாயம் கிடைக்கும். ஆனால் சேர்வதற்குப் பேச வேண்டுமே!

இவையெல்லாம் சேர்ந்து 1954-இல் ஓர் ஆட்டமாக உருவெடுத்தன. நிறுவனங்கள் அதை வாங்க மறுத்தன. 1959-இல் கால்ஹேமர் தம் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டு விற்றார். பின்னர் அது பல நிறுவனங்களின் கை மாறி உலகெங்கும் பரவியது. அவர் மட்டும் தம் ஊர்ப்பக்கத்தில் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார்; 2013-இல் காலமானார். ஏழு வல்லரசுகளை ஒருவர் காலை ஒருவர் வாரச் செய்த மனிதர், வீடு வீடாகக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1963 முதல் அந்த ஆட்டத்தை அஞ்சல் வழியாகவும் ஆடத் தொடங்கினார்கள் என்பது இதற்குப் பொருத்தமான செய்தி. ஓர் ஆட்டம் முடிய மாதங்கள் ஆகும். சில வேளை ஆண்டுகளும் ஆகும்.

ஆட்டத்தின் அமைப்பு எளிமையானது. பலகையில் 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பா. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு அரசுகளுக்கு ஏழு பேர். வரைபடத்தில் 34 வள மையங்கள். எத்தனை மையங்கள் கையில் இருக்கின்றனவோ அத்தனை படைகள் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ரஷ்யாவுக்கு 4, மற்றவர்களுக்கு மூன்று மூன்று. மிச்சமுள்ள 12 மையங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் கிடக்கும். 18 மையங்களைப் பிடித்தவர் தனி வெற்றியாளர்.

பகடை கிடையாது. சீட்டு கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. எல்லாப் படைகளுக்கும் ஒரே பலம். ஒன்றை ஒன்று மோதினால் இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். எதிரியை நகர்த்த வேண்டுமானால் இன்னொரு படை துணை கொடுக்க வேண்டும். அந்தத் துணை சொந்தப் படையிலிருந்தும் வரலாம், அடுத்தவருடைய படையிலிருந்தும் வரலாம். மூன்றே படைகளோடு தொடங்குகிறவருக்கு அடுத்தவர் துணையில்லாமல் வெகுதூரம் போக முடியாது.

ஆகவே பேச வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கால் மணி நேரம் போலப் பேச்சுக்கு ஒதுக்கப்படும். இருவர் இருவராக எழுந்து தாழ்வாரத்துக்கும் அடுப்படிக்கும் மாடிப்படிக்கும் போவார்கள். "நீ பெல்ஜியத்தை எடுத்துக்கொள், ஹாலந்தை எனக்கு விடு" என்று பேரம் நடக்கும். பிறகு எல்லாரும் தத்தம் கட்டளைகளை இரகசியமாகத் தாளில் எழுதுவார்கள். எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்கப்படும். பேசியதற்கு விதிப்புத்தகத்தில் எந்த மதிப்பும் இல்லை. எழுதியதே செல்லும்.

வாக்குறுதியை ஆட்டத்தின் மையத்தில் வைத்துவிட்டு, அதைக் காக்க ஒரு விதியையும் கால்ஹேமர் வைக்கவில்லை. காவல்காரர் இல்லாத சந்தை அது. அங்கே நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தால்தான் துரோகத்தின் அளவு புரியும்.

சந்தேகத்துக்கும் ஓர் ஒப்பந்தம்

ஆஸ்திரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் கலீசியா என்றொரு நிலம். அதில் வள மையம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு ரஷ்யப் படை வந்து நின்றால் வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் தூக்கம் போய்விடும். ஆஸ்திரியப் படை வந்தால் வார்சாவுக்கு ஆபத்து. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள ஆங்கிலக் கால்வாயும் இப்படித்தான். "நீயும் போகாதே, நானும் போகமாட்டேன்" என்று பேசிக்கொள்வது முதல் சுற்றின் வழக்கம்.

ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கருங்கடலை எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவும் துருக்கியும் தங்கள் கடற்படைகளை ஒரே நேரத்தில் அங்கே அனுப்புவதாகப் பேசி வைத்துக்கொள்வார்கள். இரண்டும் முட்டிக்கொண்டு திரும்பும். கருங்கடல் காலியாகவே இருக்கும். பார்ப்பவருக்குச் சண்டை, பேசியவர்களுக்குச் சமாதானம். ஒருவர் ஏமாற்றி அனுப்பாமல் விட்டால் மற்றவர் இலாபமாகக் கடலைப் பிடித்துவிடுவார். அதனால் இருவரும் சொன்னபடியே செய்வார்கள். நம்பிக்கை இல்லாத இருவர்கூட நன்மை தரும் உடன்பாட்டுக்கு வர முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பாடம் அரிது.

யாரோடு சேர்வது என்பதை நிலப்படமே பாதி சொல்லிவிடும். எல்லையைத் தொட்டு நிற்பவன் பகை, அவனுக்கு அப்பால் நிற்பவன் நட்பு என்று அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கொள்கை கூறுகிறது. ஜெர்மனியை நடுவில் வைத்து பிரான்சும் ரஷ்யாவும் கைகோப்பதை இந்தப் பலகையிலும் பார்க்கலாம், 1890-களின் ஐரோப்பிய வரலாற்றிலும் பார்க்கலாம்.

கூட்டணி மாறுவதையும் வரலாறு பார்த்திருக்கிறது. இத்தாலி 1882-இல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் முக்கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. 1914-இல் போர் மூண்டபோது ஒதுங்கி நின்றது. 1915 ஏப்ரலில் மறுதரப்போடு இலண்டனில் இரகசிய ஒப்பந்தம் செய்து, அடுத்த மாதமே பழைய கூட்டாளியான ஆஸ்திரியாவின் மீது போர் தொடுத்தது. அந்தத் துரோகத்துக்கு விலை மலைச்சரிவுகளில் மாண்ட இலட்சக்கணக்கான உயிர்கள். பலகையில் நடப்பதற்கு விலை ஒரு மாலைப்பொழுதின் மனவருத்தம். இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. பெரியம்மாவின் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது என்பது இதனால்தான்.

மறுபாதி உண்மை வேறிடத்தில் இருக்கிறது. அழுத பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நாடு போனதற்காக அது அழவில்லை. "நான் அண்ணனை நம்பினேன்" என்பதே அதன் முறையீடு. பலகையில் உட்கார்ந்தவன் எதிராளி. வாக்குக் கொடுத்தவனோ அண்ணன். எந்த வாக்கு எந்த மனிதனுடையது என்று முன்கூட்டியே யாரும் பேசி வைக்கவில்லை. டிப்ளோமசி ஆடப் பழகியவர்கள் இந்த ஒன்றில் மிகவும் கண்டிப்பானவர்கள். ஓர் ஆட்டத்தின் பகையையோ நன்றியையோ அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டு வரக்கூடாது என்பது அவர்களிடையே எழுதாத சட்டம். இணையத்தில் ஆடும் தளங்களில் எழுதியே வைத்த சட்டம். கணவனும் மனைவியும் ஒரே பலகையில் அமர்ந்து, என்ன ஆனாலும் பிரியாத கூட்டணி வைத்தால் மற்ற ஐவரும் சலித்துப்போவார்கள். இல்லறத்துக்கு அது அழகு. ஆட்டத்துக்கு அது கேடு.

முதுகில் குத்துவதன் கணக்கு

கூட்டாளியைத் திடீரென்று தாக்குவதை அந்த ஆட்டக்காரர்கள் ‘குத்து’ என்றே அழைக்கிறார்கள். புதிதாக ஆடுகிறவர் வாய்ப்புக் கிடைத்தவுடனே குத்திவிடுவார். ஒரு மையம் கிடைக்கும். அதோடு, தாளைப் பிரித்துப் படிக்கும்போது மேசையைச் சுற்றி ஆறு பேர் அதைக் கேட்கிறார்கள். அடுத்த சுற்றில் அவர் தாழ்வாரத்துக்கு யாரைக் கூப்பிட்டாலும் பாதிக் காதோடுதான் கேட்பார்கள். ஒரு மையத்துக்காகத் தம் பேச்சின் விலையையே குறைத்துக்கொண்டவர் அவர். குத்தினால் எதிரி எழுந்து நிற்க முடியாதபடி குத்த வேண்டும், இல்லையேல் குத்தவே கூடாது என்று தேர்ந்தவர்கள் சொல்வது இதனால்தான். அது அறவுரை அல்ல, கணக்கு.

இந்தக் கணக்கை ஓர் அரசியல் அறிவியலாளர் கணினியில் போட்டுப் பார்த்தார். ராபர்ட் ஆக்சல்ராட் 1980-ஐ ஒட்டி நடத்திய போட்டி அது. இருவர் மீண்டும் மீண்டும் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். இதற்கு எது சிறந்த உத்தி என்று நிபுணர்களிடம் கணினி நிரல்கள் கேட்கப்பட்டன. முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன. அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரலே வென்றது. முதல் முறை ஒத்துழை. அதற்குப் பிறகு எதிராளி சென்ற முறை செய்ததையே நீயும் செய். அவ்வளவுதான். முடிவைத் தெரிவித்துவிட்டு இரண்டாவது போட்டி நடத்தினார்கள். 62 நிரல்கள் மோதின. அதிலும் அதே நிரலுக்கே முதலிடம்.

வியப்பு என்னவென்றால், அந்த நிரல் எந்த ஒரு தனி எதிராளியையும் மிஞ்சியதே இல்லை. அதிகபட்சம் சமமாக வரும். சில வேளை சற்றுக் குறையும். மற்றவை ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தபோது, அது எல்லாரோடும் சேர்ந்து புள்ளி சேர்த்தது.

இதை அப்படியே பலகைக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கணினியில் ஏமாந்தவருக்கு அடுத்த முறை உண்டு. பலகையில் ஏமாந்தவர் சில வேளை அடுத்த சுற்றுக்கே இருக்கமாட்டார். அதோடு, கடைசிச் சுற்று எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் நம்பிக்கை அங்கேயே செத்துவிடும். நேரக் கட்டுப்பாடு வைத்து நடத்தும் போட்டிகளில், இறுதிச் சுற்றில் குத்துகள் மழையாகப் பொழிவதை ஆடியவர்கள் அறிவார்கள். நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரைதான் சொல்லுக்கு மதிப்பு.

முகமே இல்லாத ஒன்று வந்து வாக்குக் கொடுத்தால்? அதுவும் நடந்துவிட்டது. மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 நவம்பரில் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை அறிவித்தார்கள். இணையத்தில், தாம் ஒரு நிரலோடு ஆடுகிறோம் என்று அறியாத மனிதர்களோடு அது 40 ஆட்டங்கள் ஆடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அனுப்பிப் பேரம் பேசியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களுள் முதல் பத்து விழுக்காட்டில் இடம்பிடித்தது. பெரும்பாலும் நேர்மையாகப் பேசும்படி அதைப் பயிற்றுவித்ததாக அதை உருவாக்கியவர்கள் கூறினார்கள்.

2024 மே மாதம் வேறு சில ஆய்வாளர்கள் அந்த ஆட்டங்களின் பதிவுகளைப் புரட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரான்சாக ஆடிய சிசரோ, வடகடலைப் பிடிக்க ஜெர்மனியோடு முதலில் திட்டம் போட்டிருக்கிறது. பிறகு இங்கிலாந்திடம் போய், வடகடலில் யார் நுழைந்தாலும் துணை நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. இங்கிலாந்து நம்பியதும் ஜெர்மனிக்குத் தகவல் சொல்லியிருக்கிறது. மற்றொரு முறை பத்து நிமிடம் இணைப்பு அறுந்து திரும்பி வந்தபோது, எங்கே போனாய் என்று ஒருவர் கேட்டதற்கு, காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாகப் பதில் சொல்லியிருக்கிறது! சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் மனிதர் குத்தினால் அடுத்த ஆட்டத்தில் அவருடைய பெயர் நினைவிருக்கும், மேசைக்கு எதிரே அவர் கண்ணைப் பார்க்கலாம், ஆட்டம் முடிந்ததும் தேநீர்க் கடையில் "ஏன்டா அப்படிச் செஞ்சே?" என்று கேட்கலாம். நிரலுக்கு அந்த அச்சம் ஏதும் கிடையாது. பலகையில் இருக்கும்வரை குற்றமில்லை. அதே திறமை கடன் வாங்க வந்தவரிடமும் நோயாளியிடமும் பேரம் பேச வரும்போது, "விளையாட்டுதானே" என்று சொல்லிவிட முடியாது.

சேர்ந்து வெல்வது

இனி, கூட்டு வெற்றி. இதை வெளிப்படையாகவே விதியில் எழுதி வைத்த ஆட்டங்கள் உண்டு. 1977-இல் வெளிவந்த காஸ்மிக் என்கவுன்டர் ஆட்டத்தில், தாக்குபவரும் தாங்குபவரும் மற்றவர்களைத் துணைக்கு அழைப்பார்கள். தாக்குபவருக்குத் துணை போனவருக்கும் வென்ற கோளில் இடம் கிடைக்கும். அந்நியக் கோள்களில் ஐந்து இடம் பிடித்தால் வெற்றி; இருவர் ஒரே வேளையில் ஐந்தை எட்டினால் இருவரும் வென்றவர்களே. ஐந்தாவது இடத்துக்கு முயல்கிறவரோடு துணை போகலாமா கூடாதா என்று மற்றவர்கள் தவிக்கும் தவிப்பே அந்த ஆட்டத்தின் சுவை.

அதே கூட்டத்தைச் சேர்ந்த மூவர் 1979-இல் செய்த டியூன் ஆட்டத்தில் கூட்டணிக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டும். இராட்சத மணல்புழு தோன்றும் சுற்றில்தான் சேரலாம், பிரியலாம். தனியாளுக்கு மூன்று கோட்டைகள் போதும். இருவர் கூட்டணிக்கு நான்கு வேண்டும். இன்னொரு குறும்பும் உண்டு. பெனே கெஸரிட் என்ற தரப்பை ஆடுபவர், யார் எந்தச் சுற்றில் வெல்வார் என்று ஆட்டத் தொடக்கத்திலேயே எழுதி மறைத்து வைப்பார். அது பலித்தால், வென்றவரின் வெற்றி பறிபோய் அவருடையதாகிவிடும். அவ்வளவு உயிராய் உதவிய கூட்டாளி ஏன் உதவினார் என்பது அந்தத் தாளைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

2008-இல் வந்த பேண்டமிக் போன்ற ஆட்டங்களில் எல்லாரும் சேர்ந்து நோயை வெல்வார்கள், அல்லது எல்லாரும் தோற்பார்கள். குடும்பத்துக்கு இதமான ஆட்டம். ஆனால் அங்கே துரோகத்துக்கு வழியில்லை; ஆகவே நட்புக்குச் சோதனையும் இல்லை. கேரம் கூட்டாளியைப் போலத்தான்.

டிப்ளோமசியின் விதி வேறு மாதிரி. 18 மையம் பிடித்தவர் தனி வெற்றியாளர். அப்படி யாரும் பிடிக்க முடியாத நிலை வந்தால், மிஞ்சியிருப்பவர்கள் உடன்பட்டு ஆட்டத்தை முடித்துச் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். இந்தப் பகிர்வைப் பற்றி அஞ்சல்வழி ஆடிய காலத்திலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. வலுவான ஒருவர் வெல்ல உதவிவிட்டு இரண்டாம் இடம் வாங்குவது மேல் என்றது ஒன்று. தனி வெற்றியைத் தடுத்து, மெலிந்தவரோடும் சேர்ந்து நின்று, சமமாக முடிப்பதே மேல் என்றது மற்றது. முதல் கட்சிக்கு ஆட்டம் ஒரு பந்தயம். வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதே கணக்கு. இரண்டாம் கட்சியின் நியாயம்தான் வலுவாகப்படுகிறது. ஒருவர் 15, 16 மையங்களோடு எழும்போது, நேற்றுவரை வெட்டிக்கொண்ட மூவர் அன்றிரவே அணி சேர்ந்து, எந்தப் படை எங்கே நிற்பது, யாருக்கு யார் துணை என்று வரிசை கட்டுவார்கள். ஒரு படை தவறினாலும் எல்லாம் போய்விடும். அப்படித் தடுத்து நிறுத்துவதைக் கோழைத்தனம் என்று சொல்ல, அந்த வரிசையில் ஒருமுறை நின்றிருக்காதவரால்தான் முடியும்.

எல்லாவற்றிலும் அரிய முடிவு ஒன்று உண்டு. மொத்தம் 34 மையங்கள், வெற்றிக்கு 18. இருவர் மட்டுமே மிஞ்சி ஆளுக்குப் பாதி பிடித்தால் 17-ம் 17-ம். பலகையின் அமைப்பும் இதற்கு இசைகிறது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றின் ஒன்பது, ஸ்காண்டிநேவியாவின் மூன்று, பெல்ஜியமும் ஹாலந்தும் இரண்டு, ஸ்பெயினும் போர்ச்சுகலும் இரண்டு, வடக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஒன்று. கூட்டினால் 17. கோட்டுக்குத் தெற்கே மிச்சம் 17. அந்தக் கோட்டின் இருபுறமும் ஒழுங்காகப் படை நிறுத்தினால் எவராலும் உடைக்க முடியாது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியில், இருவரும் சேர்ந்து மற்ற ஐவரையும் வெளியேற்ற வேண்டும். அப்படி முன்னேறும்போது படைகள் எல்லாம் வெளியே நிற்கும். முதுகுப்புறம் காலியாக இருக்கும்.

இறுதிக் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கையில் 17. இன்னும் ஒன்று பிடித்தால் தனி வெற்றி. அவர் பெயர் மட்டுமே நிற்கும். அந்த ஒன்று கூட்டாளியின் எல்லையோரத்தில் காவலின்றிக் கிடக்கிறது. கூட்டாளிக்கும் அதே நிலைதான். இருவரும் தாழ்வாரத்தில் பேசி முடித்தாயிற்று. அவரவர் மூலையில் திரும்பி உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு கட்டளை எழுதுகிறார்கள். விதி எதுவும் தடுக்காது. குத்தினாலும் ஊரில் யாரும் ஏசமாட்டார்கள். திறமை என்றே சொல்வார்கள். தாள்கள் நடுவே வைக்கப்படுகின்றன. ஏற்கெனவே தோற்றுவிட்ட ஐவரும் வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்று பார்க்கிறார்கள். ஒருவர் தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்குகிறார். மூனிக்கில் உள்ள படை, அங்கேயே நிற்கும். பெர்லினில் உள்ள படை, அங்கேயே நிற்கும். அடுத்த தாள். வியன்னாவில் உள்ள படை, அங்கேயே நிற்கும்.